ரத்தம் எங்கே போகிறது

வாய் வழியாக ஒரு காமிரா விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் பின்பக்கமாக இன்னொன்று. உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை என்றார் டாக்டர் சுனீதா. நல்ல செய்திதான். ஆனால் சொன்னவர் முகத்தில் நிம்மதி இல்லை. "அப்படியென்றால் உங்கள் ரத்தம் எங்கேதான் போகிறது, ஞானராஜ்?" என்று தெலுங்கில் என்னையே கேட்டார். எனக்கும் அதுதான் குழப்பம் என்றேன். அதில் பாதி உண்மை, பாதி பொய்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. சிகந்தராபாத்தில் எங்கள் சர்ச்சில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை ஓடுகிறது. கான்சர் என்கிறார் ஒருவர். குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்கிறார் இன்னொருவர். டீயைத் தவிர நான் எதையும் குடித்ததில்லை. நடந்ததை நானே எழுதிவிட்டால் எல்லாருக்கும் வேலை மிச்சம். ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, அங்கே நீட்டுகிற பாரத்தை ஒழுங்காக நிரப்பினால் இன்னும் நல்லது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை. தரச் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் செய்து முடித்ததை வாங்கிப் பார்த்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்வது என் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. "குழம்புக்கும் ரிஜெக்ட் சீட்டு ஒட்டுத ஆளு" என்று என் மனைவி பியூலா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

வியாதி ஐஸ்கட்டியில் ஆரம்பித்தது. போன வருடக் கடைசியிலிருந்து எனக்கு வெறும் ஐஸ் தின்ன வேண்டும் போலவே இருந்தது. ஐஸ்கிரீம் இல்லை, ஐஸ்கட்டி. காலையில் பல் விளக்கியதும் பிரிட்ஜைத் திறந்து தட்டைக் கவிழ்த்து நறுக் நறுக்கென்று கடிப்பேன். தொழிற்சாலைக் கேண்டீனில் ஜூஸ் போடுகிறவரிடம் ஒரு டம்ளர் ஐஸ் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். டிசம்பர் குளிரில் ஐஸ் தின்கிற மனிதனைப் பார்த்து என் மகள் ரூத், "டாடி, கைக்கு ஐஸ் காரே?" என்று சிரிப்பாள், எதற்கு ஐஸ் தின்கிறீர்கள் என்று. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இந்தியிலும் தெலுங்கிலும் வரும். இரும்புச் சத்து வற்றிப்போனால் சிலருக்கு இப்படி ஐஸ் மேல் பைத்தியம் பிடிக்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்புறம் மூச்சு. இரண்டாவது மாடிக்கு ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. வயது என்று நினைத்தேன். தொப்பை என்று பியூலா நினைத்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, கையில் பைலோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுவரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஆம்புலன்ஸ் வேனின் கூரைதான் ஞாபகம்.

சிகந்தராபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற சிவப்புச் சத்து ஹீமோகுளோபின். ஆண்களுக்கு அது பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு ஆறு புள்ளி ஒன்பது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பை அளக்க ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை உண்டு. அதில் பாத்திரம் காலி என்று வந்தது. இந்த வயது ஆணுக்கு இப்படி இரும்பு தீர்ந்துபோனால், உள்ளே எங்கோ ரகசியமாக ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும் என்று டாக்டர் சுனீதா விளக்கினார். இரைப்பையில் புண், குடலில் கட்டி, இப்படி ஏதாவது.

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் அப்பா டேனியல் பெருங்குடல் கான்சரில்தான் போனார். கடைசி மூன்று மாதம் அவரைக் குளிப்பாட்டியது பியூலா. அவள் பயம் எதைப் பார்த்த பயம் என்று எனக்குத் தெரியும்.

சோதனைகள் ஆரம்பித்தன. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. வயிற்றில் ஸ்கேன். ஒன்றுமில்லை. குடல் சோதனைக்கு முந்தின நாள் இரண்டு லிட்டர் பேதி மருந்துத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். அதைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "மீக்கு ஏமைந்தி?" என்று கேட்டார். உங்களுக்கு என்ன என்று. தெரியவில்லை என்றேன். "நாகூ அந்தே" என்றார். எனக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் அரை மணி நேரம் அதற்கு மேல் பேசவில்லை, ஆனால் அவர் இருந்தது ஆறுதலாக இருந்தது.

பியூலா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ரத்தம் ஊறும் என்று கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி, அதுதான் ஆட்டின் மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு வறுத்து டிபன் கேரியரில் கொண்டு வருவாள். நான் தின்பதை எண்ணிக்கொண்டு எதிரே உட்காருவாள். தான் சாப்பிட்டாளா என்று கேட்டால், "ஹவ், ஆச்சி" என்று ஹைதராபாத் இந்தியில் ஒரு வார்த்தையும் திருநெல்வேலியில் ஒரு வார்த்தையுமாகச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாப்பிட்டிருக்க மாட்டாள்.

மூன்றாம் நாள் ஓர் இளம் டாக்டர் பெரிய கேள்விப் பாரத்தோடு வந்து உட்கார்ந்தார். மூலம் உண்டா? இல்லை. கருப்பாக மலம் போகிறதா? இல்லை. வலி மாத்திரை சாப்பிடுவீர்களா? இல்லை. ரத்த தானம் செய்வீர்களா?

"செய்வேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை" என்று சொல்லி, பர்சிலிருந்து அட்டையைக் காட்டினேன். அவர் பார்த்தார். சட்டப்படி ஆண்கள் தொண்ணூறு நாளைக்கு ஒரு முறை கொடுக்கலாம். அட்டையில் தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. அது காரணமாக இருக்காது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பர்சில் இன்னோர் அட்டை இருந்தது. அதை நான் காட்டவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் பெயர் டி. ஞானராஜ். தமிழர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை, டி என்றால் அப்பா டேனியல். ஆனால் இங்கே எந்தப் பாரத்திலும் பெயருக்கு இரண்டு கட்டம் வைத்திருப்பார்கள். இருபத்தாறு வருடமாக ஒவ்வோர் அலுவலகத்திலும் நான் ஒவ்வொரு விதமாக இருக்கிறேன். சிகந்தராபாத் ரத்த வங்கியில் டி. ஞானராஜ். மாதாப்பூர்ப் பக்கம் இருக்கும் வங்கியில் அங்கிருந்த பெண் அப்பா பெயரை முதல் கட்டத்தில் போட்டு, டேனியல் என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டாள். அங்கே எல்லாரும் என்னை டேனியல்காரு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா பெயருக்கு நான் திரும்பிப் பார்ப்பேன். முதலில் இது வெறும் எழுத்துப் பிழை. பிறகு இதில் ஒரு வசதி இருப்பதைக் கண்டுகொண்டேன்.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். கிடைப்பது அரிது. சர்ச் பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கமிட்டித் தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றேன். தொழிற்சாலையில் ரிஜெக்ட் பண்ணுகிற ஆளை யாருக்குப் பிடிக்கும்? ரத்தத்துக்கு மட்டும்தான் என்னைத் தேடி வந்தார்கள். போன் வரும், "சார், நீங்கள்தான்" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்படி வந்தவள்தான் நிவேதா. கோயம்புத்தூர்ப் பெண், இருபத்தேழு வயது, மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, கொண்டாப்பூரில் அம்மாவோடு இருக்கிறாள். பிறவியிலேயே தலசீமியா. அவள் உடம்பு நல்ல சிவப்பணுக்களைச் செய்யாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு பை ரத்தம் ஏற்றினால்தான் அவளால் எழுந்து வேலைக்குப் போக முடியும். அவளுக்கும் ஓ நெகட்டிவ். ஹைதராபாத் தமிழர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் அவள் அம்மா போட்ட செய்தியைப் பார்த்துத்தான் நான் போனேன்.

அந்த அம்மா கறார். ஒவ்வொரு முறையும், "மூணு மாசம் ஆயிடுச்சுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் வங்கிக்குள் விடுவார். எனவே நடுவில் உள்ள காலத்துக்கு ஒரு நண்பனைக் கண்டுபிடித்தேன். சிகந்தராபாத்தில் ஞானராஜ் என்று என் நண்பர் இருக்கிறார், அவரும் இதே வகை, அங்கே கொடுத்துவிடுவார், நீங்கள் பையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இப்படி டேனியல் தொண்ணூறு நாளைக்கு ஒரு முறையும், ஞானராஜ் தொண்ணூறு நாளைக்கு ஒரு முறையும் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் கை ஒன்றுதான். சர்ச் முகாம்களில் கொடுத்தது தனி. இரண்டரை வருடம் இப்படி ஓடியது.

ரத்தம் இரண்டு நாளில் ஊறிவிடும் என்று முதல் முகாமில் யாரோ சொன்னதை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு நிஜமாகவே குழப்பம். அதுவாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் தோன்றும். போன மாதம் கொடுத்தது எப்போதோ ஊறியிருக்கும், அப்பாவின் வியாதிதான் வந்திருக்கிறது என்று அடுத்த நிமிடம் தோன்றும். சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் ஒரு தடை இருந்தது. நிவேதாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

மண்ணீரல் என்பது கிழடான சிவப்பணுக்களைப் பிடித்து அழிக்கும் உறுப்பு. தலசீமியா உள்ளவர்களுக்குச் சில சமயம் அது வீங்கி, ஏற்றுகிற புது ரத்தத்தையும் விழுங்க ஆரம்பித்துவிடும். நிவேதாவுக்கு ஒரு வருடமாக ஏற்றிய ரத்தம் நிற்கவில்லை. இருபது நாள் வர வேண்டியது சில முறை பத்து, பன்னிரண்டு நாளில் இறங்கிவிடும். மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று அவள் டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். எடுத்தால் வாழ்நாள் முழுக்கத் தொற்று நோய்களுக்குப் பயந்து இருக்க வேண்டும். அந்த அறுவைக்கு ஒரு பை நான் தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அவளுக்கு யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலை நெஞ்சில் கனம். இசிஜியில் மாற்றம் இருந்தது. ரத்தம் குறைந்ததால் இதயம் திணறுகிறது, ஒரு பையாவது உடனே ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர் சுனீதா. ரத்தத்தைச் செய்கிற இடமே கெட்டிருக்கிறதா என்று பார்க்க, மறுநாள் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பதாகவும் சொன்னார். ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் இல்லை. ரூத் போனை எடுத்து வேகமாக எதையோ அடித்தாள். "குரூப்ஸ்லோ பெட்டேசானு, டாடி. டென்ஷன் நக்கோ" என்றாள், கவலைப்படாதீர்கள் என்று. தன் எண்ணைக் கொடுத்து எல்லாக் குழுவிலும் போட்டிருந்தாள். நோயாளி பெயர் ஞானராஜ், ஓ நெகட்டிவ் அவசரம்.

அரை மணி நேரம் இருக்கும். என் போன் அடித்தது. என் கையில் ஊசிக் குழாய் மாட்டியிருந்ததால் பியூலா ஸ்பீக்கரில் போட்டு என் நெஞ்சின் மேல் வைத்தாள். நிவேதா.

"டேனியல் அங்கிள், உங்க ஃப்ரெண்ட் ஞானராஜ் அங்கிள் ஆஸ்பத்திரில இருக்காருங்ளாமா. குரூப்ல பாத்தேன். எனக்கு எத்தன வாட்டி குடுத்திருக்காரு அவரு. என்னால குடுக்க முடியாதுங்ளே. நீங்க கொஞ்சம் போய் அவருக்கு ஒரு பை குடுக்க முடியுங்ளா?"

"பாக்குதேம்மா" என்று மட்டும் சொன்னேன். போன் தானாக அணைந்தது.

பியூலா போனை என் நெஞ்சிலிருந்து எடுத்தாள்.

"டேனியலா? மாமா செத்து பதினோரு வருசமாச்சி. யாரப் போயி யாருக்குக் குடுக்கச் சொல்லுதா அந்தப் பிள்ள?"

பர்சை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு அட்டையையும் எடுத்துக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே தேதிகளைப் படித்தாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர், விளக்கம் தேவைப்படவில்லை.

"வயித்துக்குள்ள கட்டி இருக்குமோன்னு நான் நாலு நாளா பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்கேன். நீங்க இத மடியில வச்சிக்கிட்டு படுத்திருக்கிய."

"அதான் காரணம்னு எனக்கே நிச்சயமாத் தெரியல, பியூலா."

"தெரியலன்னா கேக்கணும். கேக்கத்தான டாக்டர் இருக்காவ." அழுதுகொண்டே அட்டைகளை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனாள். எனக்காக அழுகிறாளா, என்மேல் உள்ள கோபத்தில் அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை.

டாக்டர் சுனீதா வந்தார். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். ஒரு பை கொடுத்தால் அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான் என்றார். சிவப்பணுக்கள் திரும்பி வரப் பல வாரம் ஆகும். அவற்றோடு போன இரும்பு திரும்பச் சேர மாதங்கள் ஆகும். மூன்று மாத இடைவெளி என்பது அதற்காகத்தான். அது சேர்வதற்கு முன்னாலேயே நீங்கள் மறுபடி கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். மஜ்ஜை ஊசி இப்போது வேண்டாம், இரும்பை நரம்பு வழியாக ஏற்றுவோம், ஏறுகிறதா என்று பார்ப்போம் என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். "கொடுப்பதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்த்திருப்பார்களே? பன்னிரண்டரைக்குக் கீழே இருந்தால் எடுக்கக் கூடாதே. உங்களை எப்படி விட்டார்கள்?"

அதற்கும் பதில் எனக்குத் தெரியும். இரண்டு வங்கியிலும் நான் பழைய ஆள். சிகந்தராபாத்தில் யாதகிரி என்று ஒரு டெக்னீஷியன். என்னைப் பார்த்தாலே, "அன்னா, மீரு மன மனிஷி" என்பார். அண்ணா, நீங்கள் நம்ம ஆள். விரலில் குத்திப் பார்க்காமல் போன முறை எழுதிய எண்ணையே திரும்ப எழுதிவிடுவார். வரிசையில் மற்றவர்கள் விரலை நீட்டிக்கொண்டு நிற்க, நான் நேராகப் போய்ப் படுப்பேன். அது எனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போவேன். மாதாப்பூரிலும் கடைசி ஒரு வருடம் இதே கதைதான். தொழிற்சாலையில் சோதனை செய்யாமல் ஒரு கருவியை யாராவது அனுப்பியிருந்தால் அவனை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அன்று பிற்பகல் வேறொரு வங்கியிலிருந்து ஒரு பை வந்தது. கொடுத்தது யார் என்று தெரியாது. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த ஆள் பாரத்தில் உண்மை எழுதியிருப்பானா என்று முதல் முறையாக யோசித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வார்டு வாசலில் நிவேதா நின்றாள். நர்ஸிடம், "ஞானராஜ் அங்கிள் எந்தப் பெட்டுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஆப்பிள் பை, தோளில் அவளுடைய ஆஸ்பத்திரி பைல். நர்ஸ் என்னைக் காட்டினாள்.

"அட, டேனியல் அங்கிள். நீங்க குடுக்க வந்தீங்ளா? எதுக்குங்க படுத்திருக்கீங்க? ஞானராஜ் அங்கிள் எங்கீங்க?"

கட்டிலின் தலைமாட்டில் நோயாளி பெயர் எழுதிய அட்டை தொங்கியது. அவள் அதைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் படித்தாள். பியூலா எழுந்து அவளுக்கு ஸ்டூலைப் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை. "எதுக்குங்க அங்கிள் இப்படிப் பண்ணீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அந்த இடத்தில், நான் எவ்வளவு பெரிய தியாகம் செய்துவிட்டேன் என்று ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. வெட்கம்தான், ஆனால் வந்தது.

அறுவைக்கு முந்தின சோதனைக்குப் போகும் வழியில் வந்திருந்தாள். பைலுக்குள் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு முறை ரத்தம் ஏற்றிய தேதி, கொடுத்தவர் பெயர் தெரிந்தால் அந்தப் பெயர், எத்தனை நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, எல்லாம் அவள் கையெழுத்தில். சீக்கிரம் இறங்கிய முறைகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். சும்மா வாங்கிப் பார்த்தேன்.

வேலையில் எங்களை மிகவும் குழப்புவது விட்டு விட்டு வரும் கோளாறு. ஒரு கருவி ஓடும், அடுத்தது ஓடாது, அதற்கடுத்தது ஓடும். மாதக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வோம். கடைசியில் பார்த்தால் கெட்டுப்போனதில் எல்லாம் ஒரே சப்ளையரின் பாகம் இருக்கும். நோட்டில் கடைசி ஒரு வருடத்தைப் பார்த்தேன். டேனியல் அங்கிள், சிவப்புப் புள்ளி. இரண்டு மூன்று வரி விட்டு, ஞானராஜ் அங்கிள், சிவப்புப் புள்ளி. மறுபடி டேனியல் அங்கிள், சிவப்புப் புள்ளி. நடுவில் வேறு யார் யாரோ கொடுத்தவை இருபது நாள், இருபத்திரண்டு நாள் என்று நின்றிருந்தன.

என்னால் நோட்டைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவளையே பார்க்கச் சொல்லிக் கட்டிலில் வைத்தேன். பியூலாவும் குனிந்து பார்த்தாள். ஆறு புள்ளி ஒன்பது உள்ள மனிதன் கொடுத்த பையில் என்ன இருந்திருக்கும்? முக்கால்வாசி தண்ணீரைத்தான் அந்தப் பெண்ணுக்கு ஏற்றியிருக்கிறார்கள். அவள் மண்ணீரல் பழியைச் சுமந்துகொண்டிருந்தது.

நிவேதாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. புரிந்த பிறகும் சத்தம் போடவில்லை. "எனக்கு வயித்தக் கிழிக்க நாள் குறிச்சிருக்காங்க அங்கிள்" என்றாள். பிறகு, "வேற எங்கெல்லாம் குடுத்தீங்க? சர்ச் கேம்ப்லயுமா? அது யாருக்குப் போச்சுங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அந்தப் பைகள் யாருக்குப் போயின என்பது எனக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை.

அவள் அங்கேயே நின்று தன் டாக்டருக்குப் போன் செய்தாள். நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினாள். அவர் உறுதியாக எதையும் சொல்லவில்லை. இதுவும் காரணமாக இருக்கலாம், மண்ணீரலும் காரணமாக இருக்கலாம் என்றார். அறுவையைத் தள்ளிவைப்போம், மூன்று மாதத்துக்குச் சரியாகச் சோதித்த ஆட்களின் ரத்தத்தை மட்டும் ஏற்றிப் பார்ப்போம் என்றார். போகும்போது நிவேதா ஆப்பிள் பையை என் பக்கத்தில் வைத்தாள். "உடம்பப் பாத்துக்குங்க. இனிமே எனக்கு வேண்டாமுங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பியூலா அன்றும் சுவரொட்டி கொண்டுவந்திருந்தாள். என்னால் ஒரு வாய் வைக்க முடியவில்லை.

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நடக்கத் தெம்பு வந்ததும் இரண்டு வங்கிக்கும் பியூலாவோடு போய் இரண்டு அட்டையையும் கொடுத்தேன். இரண்டு பெயரும் ஓர் ஆள் என்று எழுதிக் கொடுத்தேன். சிகந்தராபாத் வங்கியின் டாக்டர், விரலில் குத்தாமல் எடுத்தது யார் என்று கேட்டார். யாதகிரி பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் சொல்வதற்கு முன் அவரே, நான்தான் என்றார். வெளியே வந்தபோது என்னிடம், "மிம்மல்னி நம்மானு, அன்னா" என்றார். உங்களை நம்பினேன். நானும் அவரை நம்பித்தான் கையை நீட்டிப் படுத்தேன். ஒருவரை ஒருவர் நம்பியதால் இரண்டு பேருமே பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. என் எண் ஏறியது. எட்டு, பத்து, பதினொன்று. ஐஸ் ஆசை போன இடம் தெரியவில்லை. ஆனால் நிவேதாவிடமிருந்து செய்தி இல்லை. மண்ணீரல்தான் காரணம் என்று முடிவாகி அவளுக்கு அறுவை நடந்தால், என்மேல் பழி இல்லை. அறுவை வேண்டாம் என்று ஆனால், பழி முழுக்க என்னுடையது. இதில் எதற்கு ஜெபம் பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி உட்காருவேன், அவள் வயிற்றில் கத்தி படக்கூடாது என்று ஆரம்பிப்பேன், பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன். ஒரு நாள் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

போன வாரம் சனிக்கிழமை மதியம் அவளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது. "அங்கிள், எல்லா வாட்டியும் இருபது நாள் நின்னுடுச்சு. ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

பியூலா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். போனை அவளிடம் நீட்டினேன். படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், ஸ்தோத்திரம் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ உங்க ரத்தந்தான்."

"ஆமா" என்றேன்.